இடம் மாறிய குடல்வால்

மனித உடம்பைப் பற்றிய பாடநூல்களில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கும். இதயம் மார்பின் நடுவே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கல்லீரல் வயிற்றின் வலப்பக்க மேற்புறத்தை நிறைத்திருக்கிறது. குடல்வால் அடிவயிற்றின் வலப்பக்கத்தில் தொங்குகிறது. நீங்கள் இப்படித்தான் படிக்கிறீர்கள்; நானும் இப்படித்தான் படித்தேன். ஆனால் ரண சிகிச்சைத் துறையில் பல ஆண்டுகள் பழகியவனுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். பாடநூல் உடம்பைப் பார்த்து எழுதப்பட்டதேயன்றி, உடம்பு பாடநூலைப் பார்த்து அமைந்ததன்று. குறித்த இடத்தை விட்டு வேறோர் இடத்திற்குப் போய்விட்ட குடல்வாலில் அழற்சி உண்டானால் என்ன நேரும், அதை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு அறுவை செய்து குணப்படுத்துவது என்பவற்றையே இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

அபூர்வமான நிலையைப் புரிந்துகொள்வதற்குமுன், வழக்கமான நிலையை அறிந்துகொள்ள வேண்டும். சிறுகுடல் வந்து பெருங்குடலில் சேரும் இடத்தில், பெருங்குடலின் தொடக்கம் ஒரு பை போல அமைந்திருக்கிறது. அந்தப் பையின் அடியிலிருந்து, மண்புழுவைப் போல் மெலிந்து, ஒரு முனை அடைபட்ட குழாய் ஒன்று புறப்படுகிறது. அதுவே குடல்வால். பேச்சு வழக்கில் அதை அப்பெண்டிக்ஸ் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதன் நீளம் சராசரியாக 9 சென்டிமீட்டர். பருமன் ஏறத்தாழ ஒரு பென்சில் அளவு. நெடுங்காலம் அதைப் பயனற்ற உறுப்பு என்றே கருதி வந்தனர். அதன் சுவரில் நோயை எதிர்க்கும் நிணநீர்த் திசு மிகுதியாக உண்டு என்பதை இன்று அறிவோம். குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கு அது ஒரு களஞ்சியமாக இருக்கலாம் என்றும் சிலர் கருதுகின்றனர். ஆயினும் அதை எடுத்துவிட்டவர்கள் நலமாகவே வாழ்கிறார்கள்.

இந்தச் சிறிய குழாய் எப்படிப் பெரிய ஆபத்தை விளைவிக்கிறது? ஒரு பக்கம் அடைபட்ட குழாய் அது. மற்றப் பக்கத்தின் வாயும் அடைபட்டால் உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியில்லை. இறுகிக் கல்லாகிய மலத்துணுக்கோ, வீங்கிய நிணநீர்த் திசுவோ அந்த வாயை அடைக்கலாம். அந்தத் திசு இளமைப் பருவத்தில் மிகுதி. ஆகையால் இந்நோய் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையிலேயே அதிகமாகக் காணப்படுகிறது. வாய் அடைபட்டதும் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. சுவரில் ஓடும் இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. நுண்ணுயிர்கள் சுவருக்குள் புகுகின்றன. குடல்வால் வீங்கிச் சிவந்து, பிறகு கறுத்து அழுகி, இறுதியில் ஓட்டை விழுகிறது. சீழும் மலமும் வயிற்றறைக்குள் சிந்திவிட்டால் உயிருக்கே ஆபத்து. இவையெல்லாம் பல நாட்களில் நிகழ்வன அல்ல. பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள் முடிந்துவிடுகின்றன.

இந்த நோயின் வலிக்கு ஒரு வழக்கம் உண்டு. அது முதலில் தொப்புளைச் சுற்றித் தோன்றும். குடல்வாலின் உணர்ச்சியைத் தண்டுவடத்திற்குக் கொண்டு செல்லும் நரம்புகளும், தொப்புளைச் சுற்றிய தோலின் நரம்புகளும் ஒரே மட்டத்தில் சென்று சேர்வதே இதற்குக் காரணம். மூளை இரண்டையும் பிரித்தறியாமல், வலி தொப்புளில் இருப்பதாக எண்ணுகிறது. சில மணி நேரம் கழித்து, அழற்சி குடல்வாலைத் தாண்டி வயிற்றறையின் உட்புற உறையைத் தொடுகிறது. அந்த உறையின் நரம்புகள் இடத்தைத் துல்லியமாகக் காட்ட வல்லவை. உடனே வலி இடம்பெயர்ந்து வலப்பக்க அடிவயிற்றில் நிலைகொள்கிறது. இடுப்பெலும்பின் முன்முனைக்கும் தொப்புளுக்கும் இடையே ஒரு கோடு இழுத்து மூன்று பங்காக்கினால், எலும்பை ஒட்டிய முதற் பங்கு முடியும் இடத்தில் விரலால் அழுத்த நோயாளி துடிப்பார். இந்த இடத்தை 1889-ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டியவர் நியூயார்க் நகரத்து ரண வைத்தியர் சார்லஸ் மக்பர்னி. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அதற்கு மூன்றாண்டு முன்னதாக, 1886-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் என்பவர், வலப்பக்க அடிவயிற்றில் சீழ் கட்டி மக்கள் இறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் குடல்வாலே என்று நிலைநாட்டினார். அதை விரைவில் அறுத்து எடுக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

விரைவு ஏன் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று கூறுகிறேன். இங்கிலாந்தில் குடல்வால் அறுவையில் பெரும்புகழ் பெற்றிருந்தவர் ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ். 1900-ஆம் ஆண்டில் அவருடைய சொந்த மகளே இந்நோயால் மாண்டாள். 1902-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் முடிசூட இருந்த மன்னர் ஏழாம் எட்வர்டுக்கும் இதே நோய் கண்டது. விழாவை ஒத்திவைக்க மன்னருக்கு மனமில்லை. ட்ரீவ்ஸ் விடாமல் வற்புறுத்தி, ஜூன் 24 அன்று வயிற்றைத் திறந்து சீழை வெளியேற்றினார். மன்னர் பிழைத்து, ஆகஸ்டு 9-ஆம் நாள் முடி சூடிக்கொண்டார். அரண்மனை என்றும் குடிசை என்றும் இந்நோய் பார்ப்பதில்லை.

இனி, இடம் மாறிய குடல்வாலுக்கு வருவோம். அதன் அடிப்பகுதி பெருங்குடற் பையோடு ஒட்டியிருந்தாலும், நுனி எந்தத் திசையிலும் நீளலாம். பையின் பின்னால் ஒளிந்திருந்தால் வயிற்றின் முன்புறத்தில் வலி குறைந்தும், விலாவின் பின்புறத்தில் மிகுந்தும் இருக்கும். இடுப்புக் குழிக்குள் இறங்கியிருந்தால் நீர்க்கடுப்பு என்றோ வயிற்றுப்போக்கு என்றோ மயங்கச் செய்யும். கருவுற்ற பெண்களிடம் வளரும் கருப்பை அதை மேல்நோக்கித் தள்ளக்கூடும். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு உள்ளுறுப்புகள் எல்லாம் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் இடம் வலமாக மாறி அமைந்திருக்கும். அவர்களுக்குக் குடல்வால் வலியும் இடப்பக்கத்திலேயே வரும்.

இவற்றைவிட விந்தையானது ஒன்று உண்டு. குடல்வால் வயிற்றறையை விட்டே வெளியேறி, தொடையிடுக்கில் உள்ள குடலிறக்கப் பைக்குள் போய்த் தங்கிவிடுகிறது!

குடலிறக்கம் என்பது என்ன? ஆண் குழந்தை கருவில் வளரும்போது, விரைகள் வயிற்றுக்குள் தோன்றி, அடிவயிற்றுத் தசைகளின் ஊடே சாய்வான ஒரு குறுகிய வழியாகக் கீழே இறங்குகின்றன. அவற்றோடு வயிற்றறை உறையும் ஒரு விரல்போல் நீண்டு இறங்குகிறது. பிறகு அந்த நீட்சி மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் நின்றாலும், வயது முதிர்ந்து தசை தளர்ந்தாலும், அந்த வழியே குடலோ கொழுப்போ பிதுங்கித் தொடையிடுக்கில் புடைப்பாகத் தோன்றும். இதுவே குடலிறக்கம், ஹெர்னியா என்றும் சொல்வர். இத்தகைய இறக்கங்கள் நூற்றில் ஒன்றிலோ, அதற்கும் குறைவாகவோதான் பைக்குள் குடல்வால் இருக்கும். அவ்வாறு சென்ற குடல்வாலில் அழற்சி உண்டாவது இன்னும் அபூர்வம். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றே.

இந்த நிலைக்கு அமியண்டு இறக்கம் என்று பெயர். அப்பெயர் வந்த வரலாறு, குடல்வால் அறுவையின் வரலாற்றுக்கே முதல் அத்தியாயமாகும். கிளாடியஸ் அமியண்டு என்பவர் பிரான்சு நாட்டில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறி, மன்னர் இரண்டாம் ஜார்ஜின் ரண வைத்தியராக விளங்கியவர். 1735-ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவர் அறுவை செய்தார். சிறுவனுக்கு வெகுநாளாகக் குடலிறக்கம் இருந்தது. தொடையருகே ஒரு புரை உண்டாகி, அதன் வழியே மலம் கசிந்துகொண்டிருந்தது. அமியண்டு பையைத் திறந்து பார்த்தபோது, உள்ளே குடல்வால் சுருண்டு ஒட்டிக்கிடந்தது. அதைத் துளைத்து நின்றது ஒரு குண்டூசி! எப்போதோ சிறுவன் விழுங்கிய ஊசி, மேலே கல் படிந்து, குடல்வாலுக்குள் புகுந்து, அதைக் குத்திக் கிழித்திருந்தது. அமியண்டு குடல்வாலைக் கட்டி, அறுத்து எடுத்தார். அறுவை ஏறத்தாழ அரை மணி நேரம் நீடித்தது. மயக்க மருந்தாக ஈதர் பொதுமக்கள் அறிய வந்தது 1846-இல். லிஸ்டரின் கிருமிநாசினி முறை வந்தது 1867-இல். இரண்டும் இல்லாத காலத்தில், முழு நினைவோடு படுத்திருந்த அச்சிறுவன் அனுபவித்த வேதனையை எண்ணிப் பாருங்கள். ஆயினும் அவன் பிழைத்தான். வெற்றி கண்ட முதல் குடல்வால் அறுவையாக வரலாற்றில் பதிவாகியிருப்பது இதுவே. தாம் கண்டதை அமியண்டு 1736-இல் ராயல் சொசைட்டியின் ஏட்டில் எழுதி வைத்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பையைத் திறக்கும்வரை உள்ளே இருப்பது குடல்வால் என்று அமியண்டுக்குத் தெரியாது. அவருக்குப் பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் இந்நோயில் பெரும்பாலானவை அறுவை மேசையின்மீதுதான் கண்டறியப்படுகின்றன. காரணம் தெளிவு. தொடையிடுக்கில் புடைப்பு வீங்கி, சிவந்து, உள்ளே போகாமல் வலித்தால், பைக்குள் குடல் சிக்கி நெரிபட்டுவிட்டது என்றே எந்த வைத்தியரும் முதலில் நினைப்பார். அப்படி நினைப்பது முறையுமாகும். ஏனெனில் அதுவே அடிக்கடி நேர்வது. குடல்வாலோ தன் வழக்கமான அடையாளத்தைக் காட்டுவதில்லை. அது வயிற்றறைக்குள் இல்லாததால், மக்பர்னி குறித்த இடத்தில் அழுத்தினாலும் வலி இராது.

அப்படியானால் முன்கூட்டியே சந்தேகிக்க வழியே இல்லையா? உண்டு. என்னிடம் வந்த ஒரு நோயாளியின் கதையால் அதை விளக்குகிறேன். அவர் அறுபது வயதைக் கடந்த விவசாயி. வலத் தொடையிடுக்கில் பத்தாண்டுகளாகப் புடைப்பு இருந்தது. இரவில் படுத்ததும் தாமே உள்ளே தள்ளிக்கொள்வார். இரண்டு நாட்களாக அது உள்ளே போகவில்லை, தொட்டாலே வலி, மேல்தோல் சிவந்து சுட்டது, இலேசான காய்ச்சலும் இருந்தது. பயிற்சி மருத்துவர், நெரிபட்ட குடலிறக்கம் என்று எழுதி வைத்திருந்தார். நான் நோயாளியிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். வாந்தி எடுத்தீர்களா? இல்லை என்றார். காலையில் மலம் கழிந்ததா? கழிந்தது என்றார். வலி முதலில் எங்கே தொடங்கியது? சற்று யோசித்து, முதல் நாள் இரவு தொப்புளைச் சுற்றிப் பிசைந்தாற்போல் இருந்தது, விடிந்த பிறகுதான் கீழே இறங்கிற்று என்றார்.

இந்த மூன்று விடைகளையும் சேர்த்துப் பாருங்கள். குடல் உண்மையாகவே நெரிபட்டு இரண்டு நாட்கள் ஆகியிருந்தால், வயிறு உப்பியிருக்க வேண்டும். வாந்தி இருக்க வேண்டும். மலமும் காற்றும் நின்றிருக்க வேண்டும். இவை ஒன்றும் இல்லை. ஆனால் சீழ்ப்பிடிப்பின் குறிகளான காய்ச்சலும் சிவப்பும் இருந்தன. ஆகவே, குடலின் பாதையை அடைக்காமல், தனியே வீங்கக்கூடிய ஏதோ ஒன்று பைக்குள் இருக்கிறது. தொப்புளில் தொடங்கிய வலி, அது எது என்பதையும் ஓரளவு சொல்லிவிட்டது. இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தன. எக்ஸ்ரே படத்தில் குடல் அடைப்பின் அறிகுறி இல்லை. சி.டி. ஸ்கேன் படத்தில், பெருங்குடற் பையிலிருந்து புறப்பட்டு, தொடையிடுக்குப் பைக்குள் நுழைந்து, முனை அடைபட்டு முடியும் தடித்த குழாய் தெளிவாகத் தெரிந்தது. செய்தியைச் சொன்னபோது அவருடைய மனைவியார், “டாக்டர் ஐயா, அது வயிற்றுக்குள்ளேதானே இருக்கும், கீழே எப்படி வந்தது?” என்று வியந்து கேட்டார். நல்ல கேள்வி. பெருங்குடற் பை சிலருக்கு இறுகப் பிணைக்கப்படாமல் அசையும் தன்மை பெற்றிருக்கும். குடல்வாலும் நீளமாக இருந்தால், திறந்த வழியே அது இறங்கிவிடும். இருமும்போதும் பளு தூக்கும்போதும் வழியின் வாயிலிலுள்ள தசை அதை நெரிக்கிறது. இரத்த ஓட்டம் குறைந்து அழற்சி தொடங்குகிறது.

வயிற்றுக்குள் எளிய நிலையில் உள்ள குடல்வால் அழற்சியைச் சிலருக்கு ஆண்டிபயாட்டிக் மருந்துகளாலேயே தணிக்கலாம் என்று அண்மைக் கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் இறக்கத்திற்குள் சிக்கியதற்கு அறுவையே வழி. மயக்க மருந்து கொடுத்தபின், தொடையிடுக்கு மடிப்புக்கு மேலே சாய்வாகத் தோலைக் கீறி, தசைப் படலத்தைத் திறந்து, பையை அடைந்தோம். விந்தணுக் குழாயும் விரைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் பையோடு ஒட்டிக் கிடக்கும்; அவற்றைச் சேதப்படுத்தாமல் பிரிப்பது பொறுமைக்குரிய வேலை. பையைத் திறந்ததும் கொஞ்சம் சீழ் வந்தது. உள்ளே குடல்வாலின் நுனி வீங்கிக் கறுத்திருந்தது. அடிப்பகுதி நல்ல நிலையில் இருந்தது. அதற்கு இரத்தம் தரும் நாளத்தை முதலில் கட்டி, அடியைக் கட்டி, அறுத்து எடுத்தோம். அடி கைக்கு எட்டாவிட்டால் இழுக்கக் கூடாது. வயிற்றைத் திறந்தோ, சிறு துளைகளின் வழியே கருவி செலுத்தியோ எட்ட வேண்டும். துளை வழியே குடல்வாலை எடுக்கும் முறையை 1980-இல் முதன்முதல் செய்து காட்டியவர் ஜெர்மனியின் குர்ட் செம்.

குடல்வாலை எடுத்ததோடு வேலை முடிவதில்லை. திறந்திருக்கும் வழியையும் அடைக்க வேண்டும். இக்காலத்தில் குடலிறக்கத்தைச் சரிசெய்யச் செயற்கை இழைகளால் ஆன வலையை வைத்துத் தைப்பது வழக்கம். இறக்கம் மீண்டும் வராமல் காப்பதில் அது சிறந்தது. ஆனால் சீழ் பட்ட இடத்தில் வலையை வைத்தால், கிருமிகள் அந்த இழைகளில் குடியேறிவிடும். பிறகு அவற்றை ஒழிப்பது அரிது. ஆகவே வலையின்றி, இத்தாலிய வைத்தியர் பாசினி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறையைப் பின்பற்றி, நோயாளியின் தசைகளையே இழுத்துத் தைத்தோம். இறக்கம் மீண்டும் வரக்கூடும் என்பதையும் அவருக்கு மறைக்காமல் சொன்னோம். ஒரு வாரத்தில் அவர் வீடு திரும்பினார்.

இந்த முடிவுகளை எடுப்பதற்கு, 2007-இல் லோசனாஃப், பாசன் என்னும் இருவர் ஒரு பாகுபாடு வகுத்துத் தந்தனர். பைக்குள் இருப்பது நோயற்ற குடல்வாலாயின் அது முதல் வகை; வயிற்றுக்குள் தள்ளிவிட்டு வலை வைக்கலாம். அழற்சி இருந்து, அது பையோடு நின்றிருந்தால் இரண்டாம் வகை. மேலே சொன்ன விவசாயியின் நிலை இதுவே. அழற்சி வயிற்றறைக்கும் பரவியிருந்தால் மூன்றாம் வகை. வயிற்றையே திறக்க வேண்டும். வயிற்றில் வேறொரு நோயும் சேர்ந்திருந்தால் நான்காம் வகை. அதற்கும் உரிய சிகிச்சை வேண்டும். ஒரே பெயருடைய நோய்க்கு நான்கு வழிகள். எது என்பதைப் பையைத் திறந்தபின் கண்ணால் கண்டே தீர்மானிக்க நேரலாம்.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை மருத்துவக் கல்லூரிக்குச் செல்வீர்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: அடிக்கடி வரும் நோயையே முதலில் நினையுங்கள். ஆனால் நோயாளி சொல்லும் ஒரு செய்தி அந்த நினைப்போடு பொருந்தவில்லையென்றால், அச்செய்தியைத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் நினைப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்த விவசாயி வாந்தி எடுக்கவில்லை என்பது சிறிய செய்திதான். விடை அதற்குள்தான் இருந்தது.

மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். நான் முன்பு கூறியவாறு, இந்நோய் மிகுதியாகத் தாக்குவது உங்கள் வயதினரையே. தேர்வு நெருங்குகிறதே என்று வயிற்று வலியை வீட்டில் சொல்லாமல் மறைக்காதீர்கள். தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலிக்கு விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுப்பதும், குடலேற்றம் என்று வயிற்றைத் தடவி உருவுவதும் தீங்கு. அழுகிய குடல்வால் உடைவதற்கு அவை துணை செய்யும். கடுமையாக இருந்த வலி திடீரென்று தணிந்துவிட்டால் நோய் நீங்கிற்று என்று மகிழ வேண்டாம். குடல்வால் உடைந்ததும் வலி சிறிது நேரம் தணிவதுண்டு. வீட்டில் பெரியவர்களுக்கோ சிறு குழந்தைகளுக்கோ தொடையிடுக்கில் புடைப்பு இருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் நல்ல நிலையிலேயே அறுவை செய்துகொள்ளச் சொல்லுங்கள். அது வலித்து, இறுகி, உள்ளே போகாமல் நின்றுவிட்டால் பலவந்தமாகத் தள்ளலாகாது. சீழ் பிடித்ததை வயிற்றுக்குள் தள்ளியதாக முடியும். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே வைத்தியர் வலி எங்கே தொடங்கியது, எப்போது இடம் மாறியது என்று கேட்கும்போது, நன்றாக நினைவுகூர்ந்து சொல்லுங்கள். எந்த ஸ்கேன் படத்திற்கும் முன்னதாக, வைத்தியருக்கு வழிகாட்டுவது உங்கள் சொல்தான்.